வாசகர் கேள்வி – பதில்: ஐந்து சொட்டு நேரம் பொறுங்கள்

கல்லூரி திறந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் வகுப்பறையைப் பற்றியவை. வேலூரில் 33 வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறார்கள். மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் இவற்றுக்கே கொடுக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து முதல் வருடம். என் வகுப்பில் 62 பேர். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது மேடம்" என்று கோரஸாகச் சொல்கிறார்கள். ஒரு கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். முன் பெஞ்சில் நான்கு பேர் மட்டும் பதில் சொல்கிறார்கள். மற்றவர்களுக்குப் படிப்பில் அக்கறையே இல்லையோ என்று தோன்றுகிறது. – ஆற்காடு

பதில்: அக்கறை இல்லை என்ற முடிவுக்கு இரண்டு மாதத்தில் வந்துவிடாதீர்கள் அம்மா. ஆறு பஸ் மாறி வந்து உட்காருகிற பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். அக்கறை இல்லாதவர்கள் அப்படி வரமாட்டார்கள்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் இதை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். பதில் வராவிட்டால் இன்னொருவரைக் கேட்டார்கள், அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிட்டார்கள். அதை மூன்று விநாடிக்குமேல் நீட்டச் சொன்னபோது பதில்கள் நீளமாக வந்தன. "தெரியாது" என்பதும் மௌனமும் குறைந்தன. மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் வாய் திறந்தார்கள்.

ஒரு புத்தாக்கப் பயிற்சியில் இதைக் கேட்டபோது நான் வேலைக்கு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. மறுநாளே வகுப்பில் முயன்று பார்த்தேன். மூன்று விநாடி என்பது சொல்லும்போது சின்னதாக இருக்கிறது. கரும்பலகைக்கு முன்னால் 60 பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும்போது அது ஒரு யுகம். வாய் தானாகப் பேசப் போகும். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் எண்ணிக்கொண்டேன். ஒரு கரைசலை இன்னொன்றில் விட்டு அளவைக் கண்டுபிடிக்கும் டைட்ரேஷன் சோதனையில், கடைசிக் கட்டத்தில் ப்யூரெட் என்ற அளவுக் குழாயைத் திருகிச் சொட்டுச் சொட்டாக விடுவோம் இல்லையா, அந்த வேகத்தில் மனதுக்குள் ஐந்து சொட்டு. ஐந்தாவது சொட்டு விழும்வரை நான் பேசக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

அன்று கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. "ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கரைச்சாச்சு. உப்பு கண்ணுக்குத் தெரியல. இப்போ எடை கூடுமா, பழைய எடையேதானா?" பட்டப்படிப்பு வகுப்பில் கேட்கிற கேள்வியா என்று நினைக்காதீர்கள். கரைசலைப் பற்றிப் பாடம் நடத்தும்போது இதைக் கேட்காமல் நான் தொடங்கியதே இல்லை. முன் பெஞ்சில் இரண்டு கைகள் உயர்ந்தன. பார்க்காததுபோல நின்றேன். ஒரு சொட்டு, இரண்டு, மூன்று. நான்காவதில் ஜன்னல் ஓரம் கடைசிக்கு முந்தின வரிசையில் ஒரு பெண், எழுந்திருக்காமலே, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "கூடும். எங்கப்பா உப்புத்தண்ணி பக்கெட்டத் தூக்குறாரு. வெறும் தண்ணியவிட அது கனம்."

பேரணாம்பட்டுப் பெண். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. நான் பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அப்பா உப்புத் தண்ணீரை எதற்குத் தூக்குகிறார் என்று கேட்டேன். அவள் எழுந்து நின்று சொன்னாள். தோலை ஆசிடில் போடுவதற்கு முன்னால் உப்பு சேர்ப்பார்கள், உப்பு இல்லாமல் ஆசிட் மட்டும் போட்டால் தோல் ஊதிக் கெட்டுப்போகும் என்று அப்பா சொல்வாராம். மெல்லிய சவ்வு வழியாக நீர் ஊடுருவுகிற சவ்வூடு பரவலைப் பற்றிப் புத்தகத்தில் இரண்டு பக்கம் இருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா கையில் அது தினப்படி வேலையாக இருந்தது. அன்று மீதி வகுப்பு முழுவதும் தோலைப் பற்றித்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் எல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். ஒரு வருடமாக அவர்கள் குரலையே நான் கேட்டதில்லை. கேட்க விட்டதில்லை என்பதுதான் சரி.

எனவே முதலில் பொறுமை. அப்புறம், நேராக 62 பேரையும் பார்த்துக் கேட்காதீர்கள். "பக்கத்தில் இருக்கிறவரிடம் ஒரு நிமிஷம் பேசுங்கள், பிறகு கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் இரண்டு பேருக்குப் பங்காகிவிடும். தமிழில் பேசட்டும், உருதுவில் பேசட்டும், தெலுங்கில் பேசட்டும். நம் மாவட்டத்து வகுப்பில் இந்த மூன்றும் இருக்கும். யோசிப்பது எந்த மொழியில் நடந்தால் என்ன?

இன்னொன்று, பாதித் தாள். வாரம் ஒருநாள் கடைசி ஐந்து நிமிடம், ஆளுக்குப் பாதித் தாளில் பெயர் எழுதாமல் "இன்று புரியாதது எது" என்று எழுதி வாங்குங்கள். முதல்முறை எனக்கு வந்தவற்றைச் சொல்கிறேன். "பச்சை சாக்பீஸில் எழுதுவது பின்னால் தெரியவில்லை." இது ஏழு தாளில் இருந்தது. "ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை." "மோல் என்றால் என்ன? பிளஸ் டூவில் எங்களுக்கு கெமிஸ்ட்ரி டீச்சரே இல்லை." இந்தக் கடைசித் தாளைப் பார்த்துவிட்டு நான் ஸ்டாஃப் ரூமில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மோல் என்பது வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அடிப்படை அலகு. அது தெரியாத பிள்ளைக்கு அதை வைத்துக் கணக்கிடுகிற மோலாரிட்டி, நார்மாலிட்டி என்று இரண்டு மாதம் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளையும் "புரிஞ்சுது மேடம்" என்று கோரஸில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு, நாடு முழுவதற்கும் 28.4. நமக்குப் பெருமைதான். ஆனால் நான் படித்த காலத்தில் கல்லூரி வாசலையே பார்க்காத வீடுகளிலிருந்து இன்று பிள்ளைகள் வருகிறார்கள் என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். வாசலைத் திறந்துவிட்டோம். உள்ளே வந்தவர்களை உட்காரச் சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. பெயர்களைப் படியுங்கள். 62 பெயரையும். எனக்கு ஒவ்வொரு வருடமும் ஆறு வாரம் பிடிக்கும்.

கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். 600-க்கு 511. இப்போது பி.எஸ்சி. ஆங்கில வழி. சார் நடத்துவது காதில் விழுகிறது, மண்டையில் ஏறவில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று யோசிக்கிறேன். – குடியாத்தம்

பதில்: டி.சி. வாங்காதே கண்ணு. 511 எடுத்த தலை அப்படியேதான் இருக்கிறது. மாறியது மொழி மட்டும்.

இரண்டு வழி இருக்கிறது. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இதே படிப்பு தமிழ் வழியிலும் நடக்கிறது. இடம் இருந்தால் மாற முடியுமா, தேர்வையாவது தமிழில் எழுத அனுமதி உண்டா என்று துறைத் தலைவரிடம் இந்த வாரமே கேள். தமிழ் வழி என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பொறியியலில்கூட சிவில், மெக்கானிக்கல் பாடங்களை அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே தமிழ் வழியில் தொடங்கியது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை சட்டமாகவே இருக்கிறது. அதற்கு பட்டப்படிப்பு மட்டும் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நீ பள்ளியில் படித்துவிட்டாய்.

ஆங்கில வழியிலேயே தொடரப் போகிறாய் என்றால், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று கட்டமாகக் கோடு போடு. முதல் கட்டத்தில் வகுப்பில் காதில் விழுந்த சொல், எழுத்துப்பிழையோடு இருந்தாலும் சரி. இரண்டாவதில் நீ பிளஸ் டூவில் படித்த தமிழ்ச் சொல். மூன்றாவதில் ஒரு எடுத்துக்காட்டு. 'ஆக்சிடேஷன்' – ஆக்சிஜனேற்றம் – சைக்கிள் செயினில் துரு. முக்கால்வாசிச் சொற்கள் உனக்கு ஏற்கெனவே தெரிந்தவை என்பது பத்து நாளில் புரிந்துவிடும். நானும் தமிழ் வழியில் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பான பி.யு.சி.யில் ஆங்கிலத்தில் விழுந்தவள். அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

உன் வகுப்பில் உன்னைப்போல இன்னும் இருபது பேர் இருப்பார்கள். அந்த நோட்டை அவர்களோடு சேர்ந்து எழுது.

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை குறைவு. 60 விழுக்காடு என்று சான்றிதழ் இருக்கிறது. பி.காம். சேர்த்திருக்கிறோம். தேர்வுக்கு எழுதுபவர் வேண்டும் என்று கேட்டால், "மற்ற பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது, பார்க்கலாம்" என்கிறார்கள். சலுகை கேட்டுத் தொந்தரவு செய்கிறோமோ என்று கூச்சமாக இருக்கிறது. – ஆரணி

பதில்: கூச்சப்படாதீர்கள் ஐயா. நீங்கள் சலுகை கேட்கவில்லை. சட்டம் கொடுத்திருப்பதைக் கேட்கிறீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 என்று ஒன்று இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகள் அதில் வருகின்றன. பார்வைக் குறைவும் உண்டு. கற்றல் குறைபாடும் உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. 40 விழுக்காடும் அதற்குமேலும் குறைபாடு இருப்பவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். சேரும் வயது வரம்பில் ஐந்து வருடத் தளர்வும் தர வேண்டும். தேர்வில் எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் உங்கள் மகளுக்கு நான்கு மணி நேரம். 2021-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், 40 விழுக்காட்டுச் சான்று இல்லாதவர்களுக்கும் எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால் எழுதுபவர் தர வேண்டும் என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். தாளில் எழுதிக் கொடுங்கள். முதல்வர் பெயருக்கு ஒரு விண்ணப்பம், நகல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. மருத்துவச் சான்றின் நகல், மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டையின் நகல் இரண்டையும் இணையுங்கள். அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே இதை முடித்துவிடுங்கள். தேர்வு நாள் காலையில் எழுதுபவரைத் தேடி அலைந்த தகப்பன்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த நிலைமை வேண்டாம்.

ஆனால் தேர்வு வருடத்தில் சில நாள். மீதி நாள் வகுப்பு. மகளிடம் உட்கார்ந்து, "உனக்கு எது இருந்தால் வசதி?" என்று கேளுங்கள். உங்கள் ஊகத்தை வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் போகாதீர்கள். ஒரு வருடம் என் வகுப்பில் இப்படி ஒரு பெண் இருந்தாள். நானாக அவளை முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன், நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. இரண்டு வாரம் கழித்துத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேடம், அங்க ஜன்னல் வெளிச்சம் கண்ணுல அடிக்குது. சுவர் பக்கம் மூணாவது பெஞ்சுல உக்காந்தாத்தான் எனக்குத் தெரியும்." வேலூர் வெயில் காலை பத்து மணிக்கே எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் அவளைக் கேட்டிருந்தால் இரண்டு வாரம் வீணாகியிருக்காது.

ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். போர்டில் எழுதும்போது வாயால் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். "இது, அது" என்று காட்டாமல் "பற்று, வரவு" என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். நோட்ஸை ஃபோட்டோ எடுத்து அனுப்பினால் திரைவாசிப்பு மென்பொருளால் அதைச் சரியாகப் படிக்க முடியாது. தட்டச்சு செய்த கோப்பாக அனுப்பினால் படித்துக்காட்டும். என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளுக்குக் காசே இல்லை. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு மாணவர் அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். என் வகுப்பில் நான் வாயால் சொல்லி எழுதத் தொடங்கிய பிறகு, நோட்ஸ் எடுக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகளும் சரியாக எழுத ஆரம்பித்தார்கள். "மற்ற பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது" என்று கேட்டார்களே, அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி மகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் டாக்டராக இருந்தபோது 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதன்பிறகுதான் அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு மையம் அவர் முயற்சியில் வந்தது. அவருடைய மன உறுதியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதோடு இன்னொன்றும் தோன்றும். நாற்காலியில் இருப்பவரால் கத்தி பிடிக்க முடியும் என்று நம்பி, உட்கார்ந்து செய்யக்கூடிய கை அறுவை சிகிச்சையை அவரிடம் கொடுத்த சக மருத்துவர்களும் அங்கே இருந்தார்கள். ஆரணியிலிருந்து பாகாயம் ஒன்றும் தொலைவில்லை. ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: ராத்திரி ஷிஃப்ட் ஷூ கம்பெனியில் வேலை. காலையில் கல்லூரி. முதல் பீரியட் தூங்கிவிடுகிறேன், அல்லது லேட். அட்டெண்டன்ஸ் 61-ல் நிற்கிறது. ஒரு சார் "படிக்க வந்தியா, தூங்க வந்தியா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். – ராணிப்பேட்டை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்றுமுறை படித்தேன். அதே கேள்வியை, ஏறக்குறைய அதே சொற்களில், நானும் ஒரு பையனிடம் கேட்டிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வருடம். முதல் பீரியடில் தினமும் கண் சொக்கி உட்கார்ந்திருப்பான். சட்டை காலரில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும். அதைக் கண்ணால் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒருநாள் எழுப்பி நிற்க வைத்துத் திட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. செமஸ்டர் முடிவில் வருகை குறைந்ததால் தேர்வு எழுத முடியாதவர்கள் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. கையெழுத்துப் போட்டது நான். அதன்பிறகு அவன் வரவில்லை. அடுத்த வருடம் ஒரு விடியற்காலை ஊருக்குப் போகக் கிளம்பி நேதாஜி மார்க்கெட் பக்கம் போனேன். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். "நல்லாக்கிறீங்களா மேடம்?" என்று அவன்தான் முதலில் கேட்டான். "அப்பவே நைட்டு இங்கதான் மேடம் லோடு எறக்கினிருந்தேன். உங்களாண்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னான். அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் தனித்தனியாக மூன்று கேள்வி கேட்பேன். எங்கிருந்து வருகிறாய், எதில் வருகிறாய், படிப்பு தவிர வேறு வேலை செய்கிறாயா. அவ்வளவே. அந்தப் பையனுக்கு அது உதவவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். கொஞ்சம் குறைந்தால் காரணம் காட்டி, கட்டணம் கட்டி விலக்குப் பெறலாம். அதற்கும் ஒரு கீழ் எல்லை இருக்கும். 61 ஆபத்தான இடம். இன்றே துறைத் தலைவரைத் தனியாகப் பாருங்கள். கம்பெனி அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். "எனக்கு வேலை இருக்கிறது, இவ்வளவு குறைந்திருக்கிறது, மீதி நாளில் எவ்வளவு வந்தால் தேறுவேன்" என்று கணக்கோடு கேளுங்கள். கணக்கோடு வருகிற மாணவனைத் திருப்பி அனுப்ப ஆசிரியர்களுக்கு மனம் வராது. கம்பெனியில் சூப்பர்வைசரிடம் செமஸ்டர் முடியும்வரை கல்லூரி நேரத்தோடு மோதாத வேறு ஷிஃப்ட் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் மதியத்துக்குமேல் இரண்டாம் சுழற்சி வகுப்பு நடக்கிறது. அதற்கு மாற வழி இருந்தால் உங்களுக்கு அதுதான் சரி.

திட்டிய சாரிடம் போய், "சார், நான் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன்" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அரசு தரும் 1000 ரூபாய் எல்லா மாணவர்களுக்கும் உண்டா? – சோளிங்கர்

பதில்: இல்லை. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு. மாணவிகளுக்கான புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலும் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் வந்தன. மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வரும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஹாஸ்டலில் ஜவ்வாது மலையிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். யாரோடும் பேசமாட்டாள். அவள் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள், அதிலிருந்து சுத்தமாக நிறுத்திவிட்டாள். அவளைப் பேச வைப்பது எப்படி? – திருவண்ணாமலை

பதில்: பேச வைக்காதே அம்மா. சாப்பிடும்போது அவள் பக்கத்தில் தட்டை வைத்து உட்கார். பேசாமலே சாப்பிடு. நாலு நாள், பத்து நாள். அது கேலிக்குப் பயந்து மூடிய வாய். உன்னிடம் கேலி இல்லை என்று தெரிய நாள் பிடிக்கும். சிரித்தவர்களிடம் ஒருமுறை நேராகச் சொல்லிவிடு, நாம் வேலூர் பக்கம் பேசுகிற "இன்னா", "வந்துகினு" எல்லாம் மதுரைக்காரர்கள் காதுக்கு எப்படி இருக்கும் என்று.

நீ கேட்டு எழுதியதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

கேள்வி: புதிதாக வந்த மாணவர்களிடம் ஒரு பேராசிரியர் ஊரைக் கேட்கிறார். ஊர் சொன்னால் "எந்தத் தெரு?" என்கிறார். – ஊர் பெயர் வேண்டாம்

பதில்: அவர் எதைக் கேட்கிறார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்கக் கூடாத கேள்வி. பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. "பஸ் ஸ்டாண்ட் பக்கம்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால், அதை வைத்து மதிப்பெண்ணிலோ நடத்தையிலோ வித்தியாசம் காட்டினால், தேதி, நேரம், சொன்ன சொற்கள், பக்கத்தில் இருந்தவர்கள் என்று குறித்து வையுங்கள். சாதிப் பாகுபாட்டுப் புகாரைப் பெற ஒவ்வொரு கல்லூரியிலும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்திருக்கிறது. யாரிடம் கொடுப்பது என்று அறிவிப்புப் பலகையில் இல்லாவிட்டால், அது எங்கே என்று நான்கைந்து பேர் சேர்ந்து போய் முதல்வரைக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

33 வருடம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தவள் நான். இந்தக் கேள்வியைச் சிலர் கேட்டு என் காதில் விழுந்திருக்கிறது. சில சமயம் எதிர்த்துச் சொன்னேன். சில சமயம் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததை இப்போது நினைத்து வருந்துகிறேன்.

கேள்வி: நான் பீடி சுற்றுகிறேன். படிக்கவில்லை. பையன் காலேஜ் போகிறான், எங்கள் வீட்டில் அவன்தான் முதல். வந்தால் செல்லை எடுத்துக்கொண்டு உட்காருகிறான். என்ன படிக்கிறான் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் "உனக்குப் புரியாதும்மா" என்கிறான். அவனிடம் என்ன பேசுவது? (பக்கத்து வீட்டுப் பெண் எழுதித் தந்தது) – பள்ளிகொண்டா

பதில்: அக்கா, என் அம்மாவும் பீடி சுற்றியவர். மடியில் முறம், முறத்தில் நனைத்து வெட்டிய இலை, ஒரு ஓரத்தில் தூள், கட்டைவிரலில் நூல். ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு விளக்குப் பக்கத்தில் இடம் விட்டுவிட்டு அவர் வாசல்படிப் பக்கம் நகர்ந்துகொள்வார். கைக்குக் கண் தேவையில்லை, புத்தகத்துக்குத் தேவை என்பார்.

தினமும் ஒரு கேள்வி கேட்பார். "இன்னிக்கு இன்னா சொன்னாங்க?" நானும் உங்கள் பையன் மாதிரிதான் முதலில் சொன்னேன், உனக்குப் புரியாது என்று. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "புரியாட்டி இன்னா, நீ சொல்லு" என்பார். சரி என்று சொல்ல ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் படித்ததை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அதுவும் வேதியியல் சொற்கள் இல்லாமல். அணுவை ராகி உருண்டை என்றேன். எங்கே என்னால் சொல்ல முடியவில்லையோ அங்கே எனக்கே புரியவில்லை என்று தெரிந்தது. மறுநாள் அதை ஆசிரியரிடம் கேட்டேன். வகுப்பில் நான் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

நீங்களும் கேளுங்கள். என்ன மார்க் என்று கேட்காதீர்கள், அதை எல்லோரும் கேட்பார்கள். இன்று என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். முதல் நாள் சொல்லமாட்டான். இரண்டாம் நாளும் சொல்லமாட்டான். கை பாட்டுக்குப் பீடி சுற்றட்டும், நீங்கள் பொறுத்திருங்கள். அவன் ஒரு வரி சொல்லி நிறுத்தினால் என் அம்மா சொல்வதைச் சொல்லுங்கள்.

"உம், அப்புறம்?"